பல் வெளுக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். பல்லை வெள்ளையாக்க வருகிறவர்கள் "எத்தனை நாளில் வெளுக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

வெற்றிலை, புகையிலை, காபிக் கறை பெரும்பாலும் பல்லின் மேலேதான் படிகிறது. கிளீனிங் செய்தாலே போய்விடும், மருந்து வைத்து வெளுக்கும் பிளீச்சிங் வேண்டாம். வயதானால் வரும் மஞ்சள் வேறு. பல்லின் கடினமான மேலடுக்கான எனாமல் தேயத் தேய, உள்ளிருக்கும் டென்டின் என்ற மஞ்சள் அடுக்கு வெளியே தெரிகிறது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அடுப்புக்கரி, செங்கல்தூள் வைத்துத் தேய்க்காதீர்கள். முதலில் பளிச்சென்றுதான் இருக்கும், மேல்கறை போயிருக்கும் அல்லவா? தொடர்ந்து தேய்த்தால் எனாமலும் போகும், மஞ்சள் கூடும். அதைப் பார்த்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். எலுமிச்சையும் உப்பும் சேர்த்தால் அதைவிடக் கேடு. புளிப்பு எனாமலை இளக்கும், உப்பு சுரண்டி எடுக்கும். போன எனாமல் திரும்ப வளராது. கரி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம்.

பிளீச்சிங் சுரண்டுவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு பல்லுக்குள் ஊடுருவி, நிறம் தரும் பொருளைச் சிதைக்கிறது. வீட்டில் செய்ய, பல்லை அளவெடுத்து மெல்லிய ட்ரே செய்து தருவார்கள். அதில் வைக்கும் ஜெல் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு. அதிலிருந்து வருவது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான். ஒரு பல்லுக்கு ஒரு சிறு சொட்டு, ட்ரேயின் முன்பக்கம். இரவில் போட்டுக்கொண்டால் இரண்டு வாரத்தில் பலன் தெரியும். ஈறில் வழிந்ததை உடனே துடையுங்கள். கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் உதவும்.

கிளினிக்கில் போடும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 35 சதவீதத்தை ஒட்டியது. ஈறை ரெசின் என்ற பாதுகாப்புப் பூச்சால் மூடாமல் போட்டால் ஈறு வெந்து வெளுத்துவிடும்.

தர்மபுரிப் பக்கம் ஃபுளோரைடு தண்ணீரால் வரும் பழுப்புக்கு பிளீச்சிங் மட்டும் போதாது. அதை விரிவாகப் பேச நேரமில்லை.

அவசரமாக இரண்டு. கேப்பும் ஃபில்லிங்கும் வெளுக்காது. முதலில் பிளீச்சிங், இரண்டு வாரம் கழித்து அந்த நிறத்துக்குப் பொருத்தமாகப் புது ஃபில்லிங். அதற்குமுன் போட்டால் சரியாக ஒட்டாது. அடிபட்டு ஒற்றைப் பல் மட்டும் கறுத்திருந்தால், ட்ரே வாங்காமல் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். வணக்கம்.