ஆலிவ் மரத்துக்குக் காலில்தான் குளிரும்

வணக்கம். பேசும்போது வாயிலிருந்து புகை வருவது தெரிகிறதா? மியூனிக்கில் இப்போது மதியம் இரண்டு மணி, வெளியே 2 டிகிரி. இன்றிரவு மைனஸ் 9 வரை இறங்கும் என்று வானிலை ஆப் பயமுறுத்துகிறது. அதனால் இன்றைக்குச் சமையல் வீடியோ இல்லை. பால்கனி ஆலிவ் மரத்துக்குப் போர்வை போர்த்தப் போகிறோம்.

இதோ, இவர்தான். பைபிள் படித்தவர்களுக்கு ஒலிவ மரம் என்றால் சட்டென்று தெரியும். தொட்டி 50 லிட்டர், என்னால் தனியாக நகர்த்த முடியாது. இது என்னுடைய மூன்றாவது மரம். முதல் இரண்டையும் கொன்றது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் மரம் பாசத்தால் போனது. நமக்கே இப்படிக் குளிருகிறது, மத்தியதரைக் கடல் பக்கத்து மரம், பாவம் என்று அக்டோபரிலேயே ஹாலுக்குள் கொண்டுவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே 22 டிகிரி. வெளிச்சமோ, இங்கே டிசம்பரில் நாலரை மணிக்குள் சூரியன் கிளம்பிவிடும். சூடு கண்டால் மரம் வளரப் பார்க்கும், வளர வெளிச்சம் கேட்கும், அது கிடைக்காது. கிறிஸ்துமஸுக்குள் பாதி இலை தரையில். மிச்சத்தைச் செதில் பூச்சி பார்த்துக்கொண்டது. குளிர்காலத்தில் சில வாரம் குளிர்ந்தால்தான் ஆலிவ் ஒழுங்காகப் பூக்கும் என்பதே எனக்கு அப்போது தெரியாது. நல்ல வெளிச்சத்தோடு 5 முதல் 10 டிகிரிக்குள் இருக்கிற இடம்தான் அதற்குச் சொர்க்கம். ஹீட்டர் போடாத கண்ணாடி வராந்தா, படிக்கட்டு ஜன்னலோரம் இருந்தால் அங்கே வையுங்கள், இந்த வீடியோவே உங்களுக்குத் தேவையில்லை. என் வீட்டில் இரண்டும் இல்லை.

இரண்டாவது மரத்தை வெளியிலேயே விட்டேன். கடையில் ஒரு வெள்ளைத் துணிப் பையைக் கொடுத்து, தலையில் மாட்டினால் போதும் என்றார்கள். மாட்டினேன். தொட்டி மட்டும் டைல்ஸ் மேல் அப்படியே கிடந்தது. மார்ச்சில் பையைக் கழற்றினால் இலையெல்லாம் பச்சை! போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஏப்ரலில் ஓர் இலையைத் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தது.

தரையில் ஊன்றிய வளர்ந்த மரம் மைனஸ் 8, மைனஸ் 10 வரைகூடச் சில மணி நேரம் தாங்கும். மண் ஆழத்தில் அவ்வளவு சுலபமாக உறையாது. தொட்டியில் அப்படியில்லை, நாலு பக்கமும் அடியிலும் குளிர் நுழையும். மைனஸ் 5-க்குக் கீழே போனாலே வேருக்கு ஆபத்து. இன்னொன்று, தொட்டி மண் உறைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரும் கல்தான். மேலே வெயில் அடிக்கும், இலை தண்ணீர் கேட்கும், வேரால் கொடுக்க முடியாது. பனியில் செத்தது என்று நாம் சொல்கிற மரங்களில் பல தாகத்தில் செத்தவை.

1985 ஜனவரியில் இத்தாலியின் டஸ்கனியில் ஒரு குளிர் அடித்தது. ஃபிளாரன்ஸ் பக்கம் மைனஸ் 20-ஐயும் தாண்டியது. அங்கிருந்த ஆலிவ் மரங்களில் பெரும்பாலானவை கருகிப் போயின. அடியோடு வெட்டிவிட்டுக் காத்திருந்தார்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது. அந்தப் பக்கம் போனால் ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகளோடு நிற்கும் மரங்களைப் பார்க்கலாம். தலை போனாலும் கால் இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். கேமராவைக் கீழே இறக்குகிறேன். தொட்டிக்கு அடியில் இரண்டு மரக்கட்டை, அதன்மேல் தெர்மாகோல் பலகை. தொட்டியின் ஓட்டைக்கு நேராகப் பலகையில் ஓட்டை போட்டிருக்கிறேன், பாருங்கள். அது அடைபட்டால் தண்ணீர் தேங்கும், உறையும். உறைகிற தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். மண் தொட்டி விரிசல் விடுவது அதனால்தான்.

தொட்டியைச் சுற்றி பபிள் ராப், இரண்டு சுற்று. அதன்மேல் இந்தத் தென்னை நார்ப் பாய். இங்கே எல்லாத் தோட்டக் கடையிலும் கிடைக்கிறது. லேபிளைத் திருப்பினால் இந்தியா! பொள்ளாச்சியோ ஆலப்புழையோ, எங்கிருந்தோ வந்து இத்தாலிக்கார மரத்துக்குக் கம்பளியாகிறது. மண்ணின் மேல் காய்ந்த இலை நாலு விரல் உயரம், தண்டை ஒட்டிக் குவிக்காமல்.

தலைக்கு? அந்த வெள்ளைத் துணிதான், ஆனால் மைனஸ் 5-க்குக் கீழே போகும் நாட்களில் மட்டும். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்து, இலையில் வட்ட வட்டமாகப் பூஞ்சைப் புள்ளி விழும். ஜனவரி நடுவில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஃபோன் காற்று வரும் (கையில் இருக்கும் ஃபோன் இல்லை, காற்றின் பெயரே அதுதான்), திடீரென்று 15 டிகிரி அடிக்கும். அன்றைக்குத் துணியைக் கழற்றிவிடுங்கள். எல்இடி சீரியல் பல்பு சுற்றலாமா என்று போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். அழகாக இருக்கும், சூடு வராது.

இலையைத் திருப்பிக் காட்டுகிறேன். அடியில் வெள்ளி மாதிரி இருக்கிறதா? பொடிப்பொடிச் செதில்கள் அவை, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பதற்கு. இவ்வளவு சிக்கனமான மரத்துக்கு நாம் தினமும் ஊற்றத் தேவையில்லை. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், இரண்டு கணு ஆழத்தில் காய்ந்திருந்தால் ஒரு டம்ளர், உறைபனி இல்லாத நாளாகப் பார்த்து மதியத்தில். நான் முந்தாநாளே ஊற்றிவிட்டேன். உரம் ஆகஸ்டோடு சரி. அதற்குப் பிறகு போட்டால் இளந்துளிர் வந்து பனியில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், இலை கொட்டிவிட்டது, தூக்கிப் போடவா என்று கேட்பவர்களுக்கு: நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தாலும் ஜூன் வரை பொறுங்கள், அடியிலிருந்து துளிர்க்கலாம். நம் மல்லிகைக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். வெட்டிவிட்ட மல்லி எப்படித் துளிர்க்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

கை மரத்துவிட்டது. கடைசி முடிச்சைப் போட்டுவிடுகிறேன். மண்ணுக்குள் ஒரு தெர்மாமீட்டர் செருகியிருக்கிறேன், இப்போது 3 காட்டுகிறது. நாளை காலை ஆறு மணிக்கு எழுந்ததும் முதல் வேலை இதைப் பார்ப்பதுதான். என்ன காட்டியது என்று அப்படியே படம் எடுத்துப் போடுகிறேன்.