தனிவரத்தில் பங்காளிகள்

(பினாங்கில் பொதுநிலை இணையாளர் கூடுகையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அருள்சகோதரிகளே, பெரியோர்களே, பங்கு மக்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பங்கு என்ற சொல்லைத் தமிழ்க் கத்தோலிக்கர்களாகிய நாம் நாள்தோறும் சொல்கிறோம். பங்குத்தந்தை, பங்குப் பேரவை, பங்குத் திருவிழா என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால், அதற்குப் பாகம், உரிமை என்றும் பொருள் உண்டு என்பது நம் நினைவில் நிற்பதில்லை. அதே சொல்லிலிருந்து பிறந்த பங்காளி என்ற சொல் மட்டும் தன் முழுப் பொருளோடு இன்னும் வாழ்கிறது. பாட்டன் சொத்தில் உரிமை உள்ளவன் பங்காளி. வீட்டில் சாவு விழுந்தால் தீட்டுக் காக்க வேண்டியவனும், குடும்பத்தின் பெயருக்கு ஒரு குறை வந்தால் தலைகுனிய வேண்டியவனும் அவனே. துறவு பூணாமல் உலக வாழ்வில் இருந்தபடியே துறவற சபைகளோடு இணைந்து வாழும் பொதுநிலை இணையாளரைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டபோது, எனக்கு முதலில் தோன்றியது இந்தச் சொல்தான். இணையாளரைச் சபையின் எடுபிடியாகப் பார்ப்பதை நாம் விட்டுவிட வேண்டும். அவர் அந்தச் சபையின் தனிவரத்தில், அதாவது நிறுவுநர் வழியாக இறைவன் அச்சபைக்கு அருளிய தனிக் கொடையில், பங்காளி என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

ஜார்ஜ் டவுனில் வளர்ந்த யாருக்கும் லைட் ஸ்திரீட் கான்வென்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1852-இல் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த குழந்தை இயேசு சபைச் சகோதரிகள் இந்தத் தீவில் பள்ளியும் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லமும் தொடங்கினார்கள் என்பது நமக்குத் தெரிந்த வரலாறு. அந்தச் சபையின் வேரைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. மினிம் சபைத் துறவியான நிக்கோலா பாரே, 1662-இல் ரூவான் நகருக்கு அருகிலுள்ள சோத்வில் என்னும் ஊரில், படிப்பு வாசனையே இல்லாமல் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் மறைக்கல்வியும் சொல்லிக் கொடுக்க இளம்பெண்கள் சிலரை அழைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1666-இல், ஒரே குடும்பமாகக் கூடி வாழ விருப்பமா என்று அவர்களிடம் கேட்டார். நிலையான வருமானம் எதுவும் இருக்காது, நாளைக்கு என்ன என்ற கேள்விக்கு இறைவனின் பராமரிப்பைத் தவிர வேறு பதில் கிடையாது என்பதை அவர் மறைக்கவில்லை. அதைக் கேட்ட பிறகும் அந்தப் பெண்கள் மனமுவந்து சம்மதித்தார்கள். அவர்களுக்குத் துறவு வாக்குறுதியான வார்த்தைப்பாடும் இல்லை, கன்னிமாடத்து அடைப்பும் இல்லை. திருஅவையின் கணக்கில் அவர்கள் பொதுநிலைப் பெண்களே.

இந்த வரலாற்றைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தத் தனிவரத்தைச் சகோதரிகளிடமிருந்து இன்று நாம் பெற்றுக்கொள்வதாக நினைக்கிறோமோ, அந்தத் தனிவரம் முதன்முதலாக வாழப்பட்டதே வார்த்தைப்பாடு கொடுக்காத பெண்களின் கைகளில்தான். இது ஒரு சபையின் கதை மட்டுமன்று. 1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பார்வையிழந்து கைகால் விளங்காமல் கிடந்த ஒரு மூதாட்டியைத் தூக்கி வந்து, தன் கட்டிலை அவருக்குக் கொடுத்த ழான் ழுகான், அப்போது 47 வயதுப் பெண். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். பல ஆண்டுகளாக துறவற சபையொன்றின் உணர்வில் பொதுநிலையினர் வாழும் ஒரு மூன்றாம் சபையின் உறுப்பினராக இருந்து செபிக்கக் கற்றவர். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற சபை அந்தக் கட்டிலிலிருந்துதான் தொடங்கியது. இணையாளர் ஒருவர்தான் அங்கே நிறுவுநர் ஆனார். சியன்னா நகரப் புனித கத்தரீனாவும் தொமினிக்கன் மூன்றாம் சபையைச் சேர்ந்தவராய்த் தம் பெற்றோரின் வீட்டிலேயே வாழ்ந்தவர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

திருஅவையின் போதனையும் இதே திசையில்தான் நடந்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருஅவை பற்றிய கொள்கைத் திரட்டு, தூய வாழ்வுக்கான அழைப்பு திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் உரியது என்று ஐந்தாம் இயலில் தெளிவாக உரைத்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஒரு துறவற சபையின் உணர்வில் பங்குகொண்டு உலக வாழ்வில் நிலைத்திருக்கும் சங்கங்களை 303-ஆம் எண்ணில் ஏற்றுக்கொள்கிறது. அப்படிப்பட்ட சங்கத்தினர் சபையின் உண்மையான உணர்வில் ஊறி வளரும்படி தனி அக்கறை காட்டுவது அந்தச் சபையின் கடமை என்று 677-ஆம் எண்ணில் கூறுகிறது. கடமை என்ற சொல்லை அருள்சகோதரிகள் கவனிக்க வேண்டுகிறேன். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அர்ப்பண வாழ்வு பற்றிய தம் ஏட்டில், துறவியருக்கும் பொதுநிலையினருக்கும் இடையிலான இந்த உறவை நம்பிக்கை நிறைந்த ஒரு புதிய அத்தியாயமாகவே கண்டார்.

நம் மலேசியத் தமிழருக்கு இது புதிதாக வந்த சரக்கன்று. என் தாத்தா ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். குருவானவர் மாதம் ஒருமுறை வருவதே அரிது. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கூரை போட்ட சிற்றாலயத்தில் செபமாலை சொல்லியதும், பிள்ளைகளுக்கு மந்திரங்கள் கற்பித்ததும், இறந்தவரை அடக்கம் செய்யும்போது முன்னே நின்று செபித்ததும் உபதேசியார்தான். அவரும் விடியற்காலையில் தோட்டத்து ஆளெடுப்பான பெரட்டுக்குப் போய் நின்ற தொழிலாளிதான். அவரை யாரும் சாமியாருக்கு உதவியாள் என்று சொன்னதில்லை. அந்தத் தோட்டத்தின் விசுவாசம் அவர் கையில் இருந்தது.

இங்கே என் மனத்தாங்கல் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துறவற இல்லத்தில் இணையாளர் குழு தொடங்குவதாக அழைப்பு வந்து, நானும் ஆவலோடு சேர்ந்தேன். ஒன்றரை ஆண்டுக் காலம் நாங்கள் நாற்காலி சுமந்தோம், அதிர்ஷ்டக் குலுக்குச் சீட்டு விற்றோம், விழாவுக்கு உணவுக்கடை போட்டோம். நிறுவுநரின் வாழ்க்கையைப் பற்றியோ அவர் எப்படிச் செபித்தார் என்பது பற்றியோ ஒரு மாலைப்பொழுதுகூட எங்களுக்குச் சொல்லித் தரப்படவில்லை. குழு தானாகவே கரைந்தது. நாற்காலி சுமப்பது இழிவான வேலை என்று நான் சொல்லவில்லை. பங்காளி வீட்டுத் திருமணத்தில் பந்தற்கால் நடுவதும் பந்தி பரிமாறுவதும் பங்காளிதான். ஆனால் சொத்தைப் பற்றிப் பேச உட்காரும்போது அவனை வெளியே நிறுத்துவது முறையா?

துறவியரின் எண்ணிக்கை குறைந்து வருவதால்தான் பொதுநிலையினரைத் தேடுகிறார்கள் என்று சிலர் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். குறைந்திருப்பது உண்மைதான். 1970-ஐ ஒட்டி உலகெங்கும் ஏறக்குறைய 10 லட்சம் அருள்சகோதரிகள் இருந்தார்கள். இன்று ஏறக்குறைய 6 லட்சம்தான். ஆயினும் காலியான இடத்தை நிரப்புவதற்காகவே ஒருவரைச் சேர்த்தால், அவர் கடைசிவரை மாற்று ஆளாகவே இருப்பார். நாளையே நூறு இளம்பெண்கள் நவதுறவு இல்லத்தில் வந்து சேர்ந்தாலும் இணையாளரின் அழைப்பு அப்படியே நிற்கும்; அது திருமுழுக்கிலிருந்து வருவது.

அந்த அழைப்பு எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்டில் வேலை செய்யும் ஒரு தாய் எங்கள் குழுவில் இருக்கிறார். உற்பத்திப் பிரிவுக்குள் கைப்பேசி கொண்டு போக முடியாது என்பதால், நிறுவுநரின் செபம் ஒன்றைத் தம் கையால் தாளில் எழுதி, வேலையிடத்து அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறார். மடிப்புகள் நைந்து, இரண்டு இடங்களில் செலோடேப் ஒட்டியிருக்கும். மாலையில் தொழிற்சாலைப் பேருந்து பாலத்தருகே நெரிசலில் ஊர்ந்து போகும் நேரம்தான் அவருடைய செப நேரம். நள்ளிரவு ஓய்வில், நேப்பாளத்திலிருந்து புதிதாக வந்த பெண்ணொருத்தியை அருகில் உட்கார வைத்துச் சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டுகிறார்: எது அடிப்படைச் சம்பளம், எது ஓவர்டைம், எந்தப் பிடித்தம் எதற்காக என்று விரல் வைத்து, மலாயில் மெதுவாகச் சொல்லுகிறார். சில வாரங்களில் அந்தப் பெண் தானே படிக்கத் தொடங்கிவிட்டாள். சகோதரிகளின் பணிக்கு நல்ல உதவி செய்கிறீர்கள் என்று நான் பாராட்டியபோது அவர் என்னைத் திருத்தினார்: "உதவி இல்லீங்கண்ணே. இது எனக்குக் கொடுத்த வேலை." சோத்வில் ஊரின் இளம்பெண்கள் செய்ததற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

எனவே இணையாளராக விரும்புகிறவர்கள் கன்னிமாடத்தின் கால அட்டவணையைத் தங்கள் வீட்டில் ஒட்டிவைக்க முயல வேண்டாம். கணவரோ மனைவியோ அறியாமல், பிள்ளைகளின் தேர்வு நாளையும் மறந்து ஓடுகிற ஆர்வம் நெடுநாள் நிற்காது. பயிற்சிக் காலம் எவ்வளவு, வாக்குறுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா என்பவை சபைக்குச் சபை வேறுபடும். அவற்றை உங்கள் பொறுப்பாளர்கள் விளக்குவார்கள்.

அருள்சகோதரிகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் நிறுவுநர்களின் மடல்களும் அறிவுரைகளும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உங்கள் நூலக அலமாரிகளில் இருக்கின்றன. எங்கள் குழுக்களில் பாதிப் பேர் தமிழில்தான் செபிக்கிறார்கள். அந்தத் தாயின் தாளில் இருப்பதும் தமிழ்தான். இத்தனைக்கும், மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை 1877-இல் பிறந்தது நம் தமிழ்நாட்டு உதகமண்டலத்தில். பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா மருத்துவமனையைத் தொடங்கியவர்களும் அந்தச் சபையினரே. தமிழுக்கும் இந்தச் சபைகளுக்கும் உறவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மடல்களின் படிகளை எங்களுக்குத் தாருங்கள். மொழிபெயர்க்க எங்களிடம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். பொருள் பிசகாமல் பார்த்துக்கொள்ள நீங்கள் உடன் அமர வேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலையில் இரண்டு பக்கங்கள் போதும்.

முதல் மடலின் தமிழாக்கத்தை நாங்களே முயன்று பார்த்திருக்கிறோம். பின்னால் மேசையில் படிகள் இருக்கின்றன. சந்தேகம் உள்ள இடங்களில் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறோம்; சகோதரிகள் தேநீர் வேளையில் அவற்றைப் பார்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.