கோலிக்கு முன்னால் நின்ற தென்னைமரம்

நேயர்களுக்கு வணக்கம். ஐஸ் ஹொக்கியைப் பற்றி எதை வேண்டுமானாலும் கதைக்கலாம் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ரொறன்ரோவில் இருந்துகொண்டு எங்கள் ஊர் அணியான லீவ்ஸை விட்டுவிட்டு பொஸ்ரன் அணிக்காரர் ஒருவரைப் பற்றிக் கதைக்கப் போகிறேன், தயவுசெய்து வானொலியை நிறுத்திவிடாதீர்கள்.

2013 மே 13, பொஸ்ரனுடன் சுற்றைத் தீர்மானிக்கிற ஏழாவது ஆட்டம். நண்பர் வீட்டு பேஸ்மென்டில் நாங்கள் ஒரு கூட்டம். மூன்றாவது, அதாவது கடைசிப் பகுதியில் லீவ்ஸ் 4-1 என்று முன்னுக்கு நிற்கிறது, கொத்துரொட்டி வந்துவிட்டது, அடுத்த சுற்றுக்கு யாரோடு மோதுவோம் என்றுகூட ஒருவர் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். முதலில் ஒரு கோல், பிறகு கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு கோல் வாங்கி 4-4, மேலதிக நேரத்தில் 5-4, எல்லாம் முடிந்தது. அந்த நாலாவது கோலை அடித்தவர் பேர்ஜரோன். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியபோது என் கண் போனது வேறொருவர் மேல். எங்கள் கோலி, அதாவது கோல் காப்பாளர், றைமருக்கு நேர் முன்னால் தென்னைமரம் மாதிரி ஒருவர் நிற்கிறார். பக் என்கிற அந்த ரப்பர் வட்டு எங்கிருந்து வருகிறது என்று றைமருக்குத் தெரிய வழியே இல்லை. இப்படி நிற்பதற்கு யாரும் புள்ளி தருவதில்லை.

அவர்தான் ஸ்டெனோ சாரா. சாரா என்றால் நம் காதுக்குப் பெண்பிள்ளையின் பெயர் போல இருக்கும், ஆள் 6 அடி 9 அங்குலம். என்எச்எல் என்ற வட அமெரிக்க ஹொக்கி லீக்கில் இவ்வளவு உயரமான ஆள் அதற்கு முன் ஆடியதில்லை. 1977இல் ஸ்லொவாக்கியாவின் ட்ரென்சின் நகரத்தில் பிறந்தவர். தகப்பன் மல்யுத்த வீரர், 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் மோதியவர். அப்படி ஒரு வீட்டில் பிள்ளைக்கு உடற்பயிற்சியில் விடுமுறை கிடைத்திருக்குமா? ஆனால் இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு கூடைப்பந்துக்குப் போகலாமே என்றுதான் ஊரில் சொன்னார்கள்.

அப்படிச் சொன்னதில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் இவர் ஆடியது டிபென்ஸில், அதாவது எதிரணியைத் தடுக்கிற இடத்தில், அந்த வேலை என்பது பெரும்பாலும் பின்பக்கமாகச் சறுக்குவது. எதிரி முழு வேகத்தில் முன்னோக்கி வருவான், நீங்கள் அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் போகவேண்டும், இடைவெளியைக் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, கூட்டினால் அவன் நின்று அடிப்பான், குறைத்தால் தாண்டிப் போய்விடுவான். பிறகு மெதுவாக அவனைப் பலகைச் சுவர்ப் பக்கம் ஒதுக்கிக் கொண்டுபோகவேண்டும். கால் நீளமானவர்களுக்கு இந்தத் திரும்பலும் வளைதலும் பெரிய கரைச்சல். ஆனால் கை நீளம் என்றால்? மட்டை 63 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி, 6 அடி 6 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவர்கள் கேட்டால் 65 வரை விடுவார்கள். அந்தக் கையையும் அந்த மட்டையையும் சேர்த்துப் பாருங்கள். மற்றவர்களைத் தாண்டிப் போகும் பாஸ் இவரிடம் வந்து சிக்கிவிடும். காலில் இருந்த குறையைப் பயிற்சியால் பாதி சமாளித்தார், மீதியைக் கையால் சமாளித்தார் என்பது என் கணிப்பு.

இதெல்லாம் உடனே வந்துவிடவில்லை. அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்கிற 1996 தெரிவில் 56ஆவது ஆளாகத்தான் நியூயோர்க் ஐலண்டர்ஸ் எடுத்தது. அந்த வருடம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரின்ஸ் ஜோர்ஜ் நகரத்துக்குக் கனிஷ்ட அணியில் ஆட வந்தார், அரைகுறை ஆங்கிலத்தோடு. வந்த புதிதில் மொழி தெரியாமல் குளிரில் நின்ற ஞாபகம் நம்மிலும் பலருக்கு இருக்கும், அதனால் இந்தக் கட்டம் எனக்குக் கொஞ்சம் நெருக்கம்.

2001இல் ஐலண்டர்ஸ் இவரை ஒட்டாவாவுக்குக் கொடுத்தது. கூடவே மக்கால்ட் என்ற வீரரும், தெரிவில் இரண்டாவது இடமும். அந்த இடத்தில் வந்தவர்தான் ஜேசன் ஸ்பெஸா. எல்லாம் யாஷின் என்ற ஒருவருக்காக! அவருக்குப் பத்து வருட ஒப்பந்தமும் போட்டு, 2007இல் மீதியை விலை கொடுத்து முடித்துக்கொண்டார்கள். சரி, ஒட்டாவாவாவது புத்தியாக நடந்ததா என்றால், 2006இல் சாராவையும் வேட் றெடனையும் சேர்த்து வைத்திருக்க, ஓர் அணி கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பு இடம்கொடாத நிலையில் அவர்கள் பிடித்துக்கொண்டது றெடனை. சாரா ஐந்து வருடத்துக்கு 3 கோடியே 75 இலட்சம் டொலருக்கு பொஸ்ரனுக்குப் போனார், போனதுமே தலைவர். டிபென்ஸ்காரர் பழுக்க நாள் எடுக்கும் என்பதை இரண்டு அணிகள் மறந்துவிட்டன. மிகச் சிறந்த டிபென்ஸ்காரருக்கான நொறிஸ் விருது 2009இல் வந்தபோது அவருக்கு 32 வயது.

2011இல் வன்கூவரை ஏழாவது ஆட்டத்தில் 4-0 என்று வென்று, 39 வருடங்களுக்குப் பிறகு லீக்கின் சம்பியன் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை பொஸ்ரனுக்குக் கொண்டுபோனார்கள். அதே 2011 மார்ச்சில்தான் மொன்றியலில் பசியோறெற்றி என்ற வீரரை இவர் இடித்தது. அவருடைய தலை வீரர் இருக்கைகளுக்கு இடையில் இருந்த தூணில் மோதி, கழுத்தெலும்பில் முறிவு. லீக் தடை எதுவும் போடவில்லை, பொலிஸ் விசாரித்தும் வழக்கு வரவில்லை. வேண்டுமென்று செய்தார் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த உடம்பை வைத்திருப்பவருக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது.

2012இல் ஒட்டாவாவில், தன்னை விட்டுவிட்ட அதே ஊரில், மணிக்கு 175 கிலோமீற்றர் வேகத்தில் பக்கை அடித்துக் காட்டினார். அதைவிட எனக்குப் பிடித்தது 2019. செயின்ட் லூயிஸுடன் இறுதிச் சுற்று, நாலாவது ஆட்டம். பக் தன் மட்டையிலேயே பட்டு எகிறி முகத்தில் அடித்துத் தாடை உடைந்தது. அன்று வைத்தியர்கள் ஆட விடவில்லை, முழு முகக்கவசத்தோடு வாங்கில் வந்து உட்கார்ந்தார். அடுத்த ஆட்டத்தில் தாடையைக் கட்டிக்கொண்டு ஆட இறங்கினார், அரங்கம் எழுந்து நின்றது. அந்த ஆட்டமும் தோல்வி, கடைசியில் கிண்ணமும் போனது.

பிறகு வொஷிங்டன், அப்புறம் முதலில் விட்டுக்கொடுத்த அதே ஐலண்டர்ஸ். அங்கேதான் 2022 பெப்ரவரியில், 44 வயதில், டிபென்ஸ்காரர்களில் ஆகக் கூடுதலான ஆட்டங்கள் ஆடியவர் ஆனார். முடிக்கும்போது கணக்கு 1,680. ஓய்வெடுக்க மட்டும் ஒருநாள் ஒப்பந்தத்தில் பொஸ்ரனுக்குத் திரும்பினார். அடுத்த வருடம் பொஸ்ரன் மரதனை 3 மணி 38 நிமிடத்தில் ஓடினார். முழங்கால் வலிக்கிறது என்று மாடிப்படியைத் தவிர்க்கிற நான் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2025இல் ஹொக்கி புகழ் மண்டபத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மண்டபம் எங்கே இருக்கிறது? யங் வீதியும் ஃப்ரன்ட் வீதியும் சந்திக்கிற மூலையில், எங்கள் ரொறன்ரோவில். நான் யூனியன் ஸ்ரேசனுக்கு நடந்து போகிற வழி. இனி ஒவ்வொரு முறையும் அதைக் கடக்கும்போது அந்த பேஸ்மென்டும் ஆறிப்போன கொத்துரொட்டியும்தான் ஞாபகத்துக்கு வரும். வணக்கம்.