பால் பல்லைச் சேமித்து வைத்தால் புதுப் பல் வளர்க்க முடியுமா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. "என் பையனுக்குப் பால் பல் விழ ஆரம்பிச்சிருக்கு. அதைச் சேமிச்சு வச்சா, அதுல இருக்குற ஸ்டெம் செல்லை எடுத்து பின்னாடி புதுப் பல்லே வளத்துக்கலாம்னு சொல்றாங்க. லேப்ல பல் முளையை உருவாக்கிட்டதாவும் செய்தியில பாத்தேன். எவ்வளவு தூரம் உண்மை?"

ஸ்டெம் செல்னா, வேற வகைச் செல்லா மாறக்கூடிய மூலச் செல். லேப்ல பல் முளையை உருவாக்கினது உண்மைங்க. எலிக்கு. பால் பல்லோட செல்லை வச்சு மனுஷன் வாயில ஒரு முழுப் பல்லை இதுவரைக்கும் யாரும் முளைக்க வச்சதில்லை. எலிக்கு முடிஞ்சது நமக்கு ஏன் முடியலைங்கிறதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அது தெரிஞ்சா முடிவை நீங்களே எடுத்துடலாம்.

கரு உருவாகி சுமார் 6 வாரம் ஆகும்போதே பல் வேலை தொடங்கிடுது. தாடை வரப்போற இடத்துல மேலடுக்கு ஒரு வளைவா தடிக்கும். அந்த வளைவுல அங்கங்க மொட்டு மாதிரி உள்ள இறங்கும். அதுக்கு அடியில இருக்குற திசு அந்த மொட்டைச் சுத்தி நெருக்கமா கூடும். இந்த ரெண்டும் சேந்ததுதான் பல் முளை. மொட்டு நிலை, தொப்பி நிலை, மணி நிலைன்னு படிப்படியா வளரும். மேலடுக்கு எனாமலைக் குடுக்கும். அடித்திசு, எனாமலுக்கு அடியில இருக்குற கெட்டிப் பகுதியான டென்டினையும், அதுக்கும் உள்ள நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுற கூழையும் குடுக்கும். பிறந்த குழந்தை பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்குதே, அப்பவே 20 பால் பல்லோட முளையும் ஈறுக்குள்ள இறுக ஆரம்பிச்சிருக்கும். 6 வயசுல வரப்போற நிலைப்பல்லான முதல் கடைவாய்ப் பல்லுக்கும் அதுக்குள்ள முளை விட்டாச்சு.

சரி, இந்த ரெண்டு அடுக்குல யார் பேச்சை யார் கேக்குறாங்க? இதைக் கண்டுபிடிக்க நடந்த சோதனைகளைப் படிக்கும்போது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம் தீரலை. எலிக் கருவுலேருந்து கண்ணுக்கே சரியா தெரியாத அளவு தாடைத் துணுக்கை எடுத்து, என்சைம் வச்சு ரெண்டு அடுக்கையும் பிரிப்பாங்க. அப்புறம் ஒரு இடத்து மேலடுக்கையும் வேறொரு இடத்து அடித்திசுவையும் ஒட்டி, வளந்த எலியோட கண்ணுக்குள்ள வச்சுடுவாங்க. கருவிழிக்குப் பின்னாடி இருக்குற அந்தச் சின்ன இடத்துல ரத்த ஓட்டம் கிடைக்கும், அதனால துணுக்கு பிழைச்சு வளரும்.

1970ல கொல்லர் (Kollar), பெயர்டு (Baird)ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கடைவாய்ப் பல் முளையோட அடித்திசுவை எடுத்து, வெட்டுப்பல்லோட மேலடுக்குல ஒட்டினாங்க. வந்தது கடைவாய்ப் பல். பாதத் தோலோட மேலடுக்குல ஒட்டினாங்க. அப்பவும் பல்தான் வந்தது! அப்போ அதிகாரம் முழுக்க அடித்திசு கையிலதான்னு தோணும். ஆனா 1987ல மீனா (Mina)ங்கிற ஆராய்ச்சியாளரும் அதே கொல்லரும் இன்னும் இளசான கருவை எடுத்துப் பாத்தாங்க. அந்த வயசுல கதையே தலைகீழா இருந்தது. தாடையோட மேலடுக்கை, பல்லுக்குச் சம்பந்தமே இல்லாத அடித்திசுவோட சேத்தாலும் பல் வந்தது. அதாவது "இங்க பல் வரட்டும்"ங்கிற முதல் கட்டளை மேலடுக்குலேருந்து வருது. எலிக் கருவுல 12ஆவது நாள் வாக்குல அந்தச் சக்தி அடித்திசுவுக்குக் கைமாறிடுது. நேரம் தப்பினா அதே செல்லால அதே வேலையைச் செய்ய முடியாது. இதை மனசுல வச்சுக்கோங்க, நம்ம கேள்விக்குப் பதிலே இதுலதான் இருக்கு.

ஜப்பான்ல சுஜிங்கிற ஆராய்ச்சியாளரோட குழுவினர் எலிக் கருவோட பல் முளையைத் தனித்தனி செல்லா பிரிச்சு, ரெண்டு வகைச் செல்லையும் கொலாஜன்ங்கிற புரதத்தால ஆன ஜெல்லுக்குள்ள பக்கத்துல பக்கத்துல நெருக்கமா வச்சாங்க. அது மறுபடியும் முளையா கூடுச்சு. 2009ல அதை வளந்த எலியோட தாடையில நட்டாங்க. ஈறைக் கிழிச்சுக்கிட்டு பல் வந்துச்சு. கடிக்குது, நரம்பு ஓடியிருக்கு, வலியும் தெரியுது. பெரிய சாதனைங்க. ஆனா அந்த ரெண்டு வகைச் செல்லும் கருவுலேருந்து எடுத்தது. மனுஷனுக்கு அப்படி எடுக்க முடியுமா?

அதனால ஒரு பக்கமாவது பெரியவங்க செல்லைப் போட்டுப் பாக்கலாம்னு லண்டன் கிங்ஸ் கல்லூரியில முயற்சி பண்ணாங்க. 2013ல பெரியவங்களோட ஈறுலேருந்து எடுத்த மேலடுக்குச் செல்லை, எலிக் கருவோட அடித்திசுவோட சேத்தப்போ பல் உருவாச்சு. ஆக, பல்லைத் தொடங்கி வைக்கிற பக்கம் கருவுலேருந்து வந்திருந்தா, கேட்டு நடக்குற பக்கம் வயசானதா இருந்தாலும் பரவாயில்லை. தொடங்கி வைக்கிற சக்தியைப் பெரியவங்க செல்லுக்குத் திரும்ப எப்படிக் குடுக்குறதுங்கிறதுலதான் எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

இப்போ உங்க பையனோட பால் பல்லுக்கு வருவோம். விழுந்த பால் பல்லோட கூழுல ஸ்டெம் செல் இருக்குன்னு 2003ல கண்டுபிடிச்சாங்க, அது நிஜம். சீனாவுல அடிபட்டு கூழ் செத்துப்போன குழந்தைகளோட முன்பல்லுக்குள்ள, அந்தச் செல்லை வச்சு கூழை மறுபடியும் வளத்த சோதனை 2018ல வெளியாச்சு. அந்த ஆராய்ச்சி மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அங்க பல் ஏற்கெனவே இருந்தது. கூழ் அடித்திசு வழி வந்தது மட்டும்தான். எனாமலைச் செஞ்ச மேலடுக்குச் செல்களெல்லாம் பல் ஈறை விட்டு வெளிய வரும்போதே அழிஞ்சு போயிடுது. விழுந்த பல்லுல அது துளி கூட கிடையாது. பாதி ஆள் இல்லாத, முதல் கட்டளையைக் குடுக்கத் தெரியாத செல்லை மட்டும் வச்சு முழுப் பல் வராது.

பல் முளைக்க வைக்க ஜப்பான்ல மருந்து வருதுன்னு ஒரு செய்தியும் பாத்திருப்பீங்க. அது வேற வழி. கியோட்டோவுல தகஹாஷிங்கிற ஆராய்ச்சியாளரோட குழு, யூசாக்-1 (USAG-1)ங்கிற புரதத்தைப் பிடிச்சுத் தடுக்குற ஒரு ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தை, செஞ்சிருக்காங்க. பல் வளர்ச்சிக்கான சிக்னலை அமுக்குற புரதம் அது. அதைத் தடுத்தா, பாதியில நின்ன முளை மறுபடி வளரலாம்ங்கிறதுதான் யோசனை. எலியிலயும், கீரி மாதிரி இருக்குற ஃபெரட்ங்கிற விலங்குலயும் பல் வந்ததை 2021ல வெளியிட்டாங்க. 2024ல மனுஷங்க கிட்ட முதல் கட்டச் சோதனை ஆரம்பிச்சது. அது மருந்து பாதுகாப்பானதான்னு பாக்குற கட்டம். பிறவியிலேயே பல் இல்லாத குழந்தைகளுக்காகத்தான் இதை முதல்ல யோசிச்சிருக்காங்க, அவங்களுக்கு இது கிடைக்கணும்னு நான் மனசார ஆசைப்படுறேன். இதுக்கும் சேமிச்சு வச்ச பால் பல்லுக்கும் சம்பந்தம் கிடையாது.

அதனால புதுப் பல் வளக்கலாம்ங்கிற ஒரே காரணத்துக்காக பால் பல்லைக் காசு குடுத்துச் சேமிக்காதீங்க. அதுக்குப் பதிலா, இன்னும் விழாத பால் பல்லுல சொத்தை இருந்தா உடனே காட்டுங்க. வேர் முனையில சீழ் பிடிச்சா, அதுக்கு நேர் கீழ வளந்துக்கிட்டிருக்குற நிலைப்பல் முளையோட எனாமல் கெட்டுப் போகலாம். விழப்போற பல்தானேன்னு விடாதீங்க.