டிஎஸ்எச் 9.8-லேர்ந்து 0.09: தைராய்டு மாத்திரையை நிறுத்திடலாமா?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன். நாமக்கல் பக்கத்துலேர்ந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. அப்படியே வாசிக்கிறேன்.

"டாக்டர், எனக்கு 41 வயசு, எடை 58 கிலோ. ஆறு வருஷமா தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை போட்டுட்டு இருக்கேன். ஜனவரில டெஸ்ட் எடுத்தப்ப டிஎஸ்எச் 9.8. மாத்திரையை 100 ஆக்கினாங்க. மனசு கேக்காம மூணு வாரத்துலயே மறுபடி எடுத்துப் பார்த்தேன், 6.9 இருந்துச்சு. இன்னும் அதிகமாவே இருக்கேன்னு நானே மெடிக்கல்ல 125 வாங்கிப் போட ஆரம்பிச்சேன். இப்ப மூணு மாசம் கழிச்சு 0.09-ன்னு வந்திருக்கு. நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராத்திரி தூக்கமே இல்ல. தைராய்டு சரியாயிடுச்சா? மாத்திரையை நிறுத்திடலாமா? நடுவுல ரத்தம் கம்மியா இருக்குன்னு இரும்புச்சத்து மாத்திரை போட்டேன், அது பிப்ரவரியோட முடிஞ்சிடுச்சு."

நிறுத்தக் கூடாதும்மா. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா இப்ப போடற அளவுலயே தொடரவும் கூடாது. ஏன்னு சொல்றேன்.

நம்ம ஊர்ல ரிப்போர்ட்ல டிஎஸ்எச் கூட இருந்தா "தைராய்டு ஏறிடுச்சு"ன்னு சொல்லிடறோம். அது தலைகீழ். டிஎஸ்எச் தைராய்டு சுரப்பிலேர்ந்து வர்றதே இல்ல. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சின்ன சுரப்பி இருக்கு, அதுதான் இதை அனுப்புது. சாயங்காலம் தெருவுல விளையாடற பிள்ளைய அம்மா வாசல்ல நின்னு கூப்பிடறாங்கன்னு வச்சுக்குங்க. பிள்ளை வரலைன்னா குரல் ஏறிட்டே போகும். அந்தக் குரல்தான் டிஎஸ்எச். தைராய்டு வேலை செய்யல, அது சுரக்கற டி4-ங்கற ஹார்மோன் பத்தலைன்னா டிஎஸ்எச் ஏறும். டி4 தேவைக்கு மேல இருந்தா டிஎஸ்எச் அடங்கிடும். உங்களுக்கு 0.09-ன்னா அம்மா கூப்பிடறதையே விட்டுட்டாங்கன்னு அர்த்தம். தைராய்டு குணமாகல, மாத்திரை அதிகமாயிடுச்சு. அந்தப் படபடப்பும் தூக்கமில்லாததும் பெரும்பாலும் அதனாலதான்.

இது ஏன் நடந்துச்சுன்னு பார்ப்போம். நீங்க போடற மாத்திரை அந்த டி4-தான், மருந்துப் பேர் லீவோதைராக்சின். தைரோநார்ம், எல்ட்ராக்சின்னு எந்தக் கம்பெனிப் பேர்ல இருந்தாலும், உடம்புல பாதியா குறையறதுக்கே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால அளவை மாத்தினா ரத்தத்துல அது ஒரு நிலைக்கு வர அஞ்சாறு வாரம் பிடிக்கும். டிஎஸ்எச் அதுக்கும் பின்னாடி மெதுவா வரும். அதனாலதான் 6-லேர்ந்து 8 வாரம் கழிச்சு டெஸ்ட் எடுங்கன்னு சொல்றோம். மூணு வாரத்துல உங்களுக்கு 9.8, 6.9 ஆகியிருக்கு. அது நல்ல சேதிம்மா! குறைஞ்சிட்டே வந்துட்டு இருந்துச்சு. இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா அந்த 100-லயே சரியான இடத்துக்கு வந்திருக்க நிறைய வாய்ப்பு இருந்துச்சு.

இன்னொண்ணு. டி4 கொஞ்சம் மாறினாலே டிஎஸ்எச் பல மடங்கு மாறும். சர்க்கரை 100, 200 ஆன மாதிரி இதைப் படிக்கக் கூடாது. டிஎஸ்எச் 5 இருந்தது 10 ஆனா வியாதி ரெண்டு மடங்கு ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

சரி, ஆறு வருஷமா 75-ல ஓடினது ஜனவரில ஏன் திடீர்னு 9.8 ஆச்சு? என் சந்தேகம் அந்த இரும்பு மாத்திரை மேல. இரும்பும் கால்சியமும் வயித்துக்குள்ள தைராய்டு மாத்திரையைப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. ரெண்டுக்கும் நடுவுல 4 மணி நேரம் இடைவெளி வேணும். நிறைய வீட்ல என்ன நடக்குதுன்னா, காலைல ஒரு கையில எல்லா மாத்திரையும், இன்னொரு கையில காபி டம்ளர். போட்ட மாத்திரையில பாதி வேலைக்கே வராது. உங்களுக்கும் அப்படி இருந்திருந்தா, இரும்பு நின்ன பிப்ரவரிக்கு அப்புறம் மாத்திரை முழுசா ஏற ஆரம்பிச்சிருக்கும். அதே சமயத்துல நீங்க 125-க்கும் போயிட்டீங்க. ரெண்டும் சேர்ந்து அடிச்சிருக்கு.

உங்க எடைக்குக் கணக்கு போட்டா, தைராய்டு சுத்தமா வேலை செய்யாதவங்களுக்கே கிலோவுக்கு சுமாரா 1.6 மைக்ரோகிராம் போதும். 58 கிலோவுக்கு 93 வருது. உங்களுக்கு சொந்த சுரப்பி கொஞ்சமாவது வேலை செஞ்சா அதுக்கும் கீழ. 125 எந்தக் கணக்குலயும் வரல.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். சில வருஷம் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க, டிஎஸ்எச் 18. அளவைக் கூட்டி எழுத பேனாவை எடுத்துட்டேன். என்னமோ தோணி, பாட்டில் இருக்காம்மான்னு கேட்டேன். கைப்பையிலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க. நூறு மாத்திரை இருக்கற பாட்டில், கூடவே பில்லும் மடிச்சு இருந்துச்சு. வாங்கி 90 நாள் ஆகியிருந்துச்சு. மேஜை மேல ஒரு பேப்பர் விரிச்சுக் கொட்டி எண்ணினோம். 47 மாத்திரை மிச்சம். அப்ப 90 நாள்ல போட்டது 53 தான். அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. காலைல அஞ்சரைக்கு எழுந்து, சமைச்சு, ரெண்டு பிள்ளைங்களைக் கிளப்பி, பஸ்ஸைப் பிடிக்கணும். இதுல வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டு அரை மணி காத்திருக்கறதுக்கு எங்க நேரம்? திட்டறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. மாத்திரையை ராத்திரிக்கு மாத்தினேன், சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு, படுக்கப் போறப்ப. அளவைத் தொடவே இல்ல. ரெண்டு மாசத்துல டிஎஸ்எச் 3-க்குக் கீழ வந்துச்சு. அன்னைலேர்ந்து பாட்டிலைப் பார்க்காம நான் அளவைக் கூட்டறதில்ல.

மறந்துட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அன்னைக்கே ஞாபகம் வந்தா போட்டுக்குங்க. ஒரு நாள் முழுக்க விட்டுப்போச்சுன்னா, இளவயசுல இருதயக் கோளாறு இல்லாதவங்க மறுநாள் ரெண்டா போட்டுக்கலாம். இருதய வியாதி உள்ளவங்களும் வயசானவங்களும் அப்படிப் போடக் கூடாது, வழக்கமான அளவையே தொடரணும்.

அப்புறம், முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஏதாவது போடறீங்களாம்மா? தைராய்டு இருக்கறவங்கள்ல நிறைய பேர் போடறாங்க. சில லேப் முறையில பயோட்டின் டிஎஸ்எச்சைப் பொய்யா குறைச்சும், டி4-ஐப் பொய்யா கூட்டியும் காட்டும். அந்தப் பொய் ரிப்போர்ட்டை நம்பி அளவைக் குறைச்சவங்களும் உண்டு. டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடணும். உங்களுக்குப் படபடப்பும் சேர்ந்து இருக்கறதால இது நிஜமாவே அளவு அதிகம்னுதான் நினைக்கிறேன். ஆனாலும் உங்க டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

டெஸ்ட் பேக்கேஜ்ல டோட்டல் டி3, டோட்டல் டி4-ன்னு வரும். மாத்திரை போடறவங்களுக்கு அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டிஎஸ்எச் போதும், சந்தேகம் வந்தா கூட ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்துல எதோடயும் ஒட்டாம இருக்கற டி4. உங்களுக்கு இப்ப ஃப்ரீ டி4 எடுக்கறது நல்லது. கர்ப்பமா இருக்கறவங்களுக்குக் கணக்கே வேற. அவங்களுக்கு மாத்திரை சீக்கிரமே கூட்ட வேண்டி வரும், தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும்.

டிஎஸ்எச் குறைவா இருந்தா நல்லதுதானே, எடை குறையுமேன்னு நினைச்சு இப்படியே விட்டுடாதீங்க. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா இப்படி இருந்தா இருதயத்துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு பலம் குறையும். மாதவிடாய் நின்னவங்களுக்கு இது இன்னும் ஆபத்து. என்கிட்ட வர்றவங்க இடுப்பெலும்பு உடைஞ்சு வந்தப்பதான் பழைய ரிப்போர்ட்டைத் தேடறோம்னா, அது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. இந்த வாரமே உங்க டாக்டரைப் பாருங்க, ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க. நெஞ்சுவலி, மூச்சு வாங்கறது, மயக்கம் வந்தா வாரம் வரைக்கும் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. 125-ஐ நீங்களா எடுத்துக்கிட்டதையும், இரும்பு நின்ன தேதியையும் ஒளிக்காம சொல்லுங்க. 100-க்கோ 75-க்கோ இறங்குவாங்க. எதுன்னு உங்களைப் பரிசோதிச்சவங்கதான் முடிவு பண்ணணும். நடுவுல ஒரு அளவு வேணும்னா வாரத்துல 5 நாள் 75, 2 நாள் 100-ன்னு கூட குடுப்பாங்க, அது தப்பான வைத்தியம் இல்ல. இறக்கின உடனே டிஎஸ்எச் ஏறலையேன்னு பயப்படாதீங்க. ரொம்ப நாள் அடங்கிக் கிடந்தது மறுபடி எழும்ப வாரக்கணக்குல ஆகும்.

புது அளவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து காலண்டர்ல 6 வாரம் எண்ணி ஒரு நாளை வட்டம் போட்டு வச்சுக்குங்க. டாக்டர் சொன்னாலொழிய, அதுக்கு முன்னாடி டிஎஸ்எச் பார்க்க லேப் பக்கம் போக வேண்டாம். அன்னைக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்ல, ஆனா காலைலயே, போன தடவை எடுத்த அதே லேப்ல எடுங்க. அன்னைக்கு மட்டும் ரத்தம் குடுத்துட்டு அப்புறம் மாத்திரை போடுங்க, இல்லன்னா ஃப்ரீ டி4 கொஞ்சம் கூடக் காட்டும். டாக்டரைப் பார்க்கப் போறப்ப பாட்டிலையும் பில்லையும் கையோட எடுத்துட்டுப் போங்கம்மா.