கடைசி டியூ வரை அது யாருடைய வண்டி?

நேயர்களுக்கு வணக்கம்.

தவணையில் வண்டி எடுத்தால் முதலில் கோயிலுக்குத்தான் போகிறோம். சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, நம்ம வண்டி என்று வீட்டுக்கு ஓட்டி வருகிறோம். ஆனால் ஷோரூமில் அரைமணி நேரத்துக்கு முன் நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வேறு கணக்குச் சொல்லலாம். அது ஹையர் பர்ச்சேஸ் ஒப்பந்தமாக இருந்தால், கடைசி டியூ கட்டும் வரை வண்டிக்கு உரிமையாளர் பைனான்ஸ் கம்பெனி. மாதாமாதம் நீங்கள் கட்டுவது வாடகை. வாடகை முழுவதையும் கட்டிய பிறகு அதைச் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை மட்டும்தான் உங்களுக்கு. இன்னொரு வகை ஹைபாதிகேஷன். அதில் வண்டி முதல் நாளிலிருந்தே உங்களுடையது, ஆனால் கடனுக்கு ஈடாகக் கட்டுண்டு கிடக்கிறது. இப்போது புது வண்டிகளுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். எங்கள் நுகர்வோர் மன்றத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்களுடையது இதில் எது என்றுதான். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. ஒப்பந்தத்தின் நகலே கையில் இல்லாதவர்கள்தான் அதிகம்.

இந்த வாடகை ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். இங்கிலாந்தில் ஒருவர் மாத வாடகைக்கு ஒரு பியானோ எடுத்தார். 36 மாதம் கட்டினால் பியானோ அவருடையது. நடுவில் வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர் நாலே மாதத்தில் அதை அடகுக் கடையில் வைத்துவிட்டார். வழக்கு உச்சிவரை போனது. அப்போது அங்கே கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1895-ல் தீர்ப்புச் சொன்னது: வாங்கியே தீர வேண்டும் என்று அவர் கட்டுப்படவில்லை, அதனால் அவர் வாங்குபவர் அல்ல, வாடகைக்காரர்; பியானோ கொடுத்தவருக்கே சொந்தம். ஹெல்பி எதிர் மேத்யூஸ் என்ற அந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம்.

வியாபாரிகளுக்கு அந்தத் தீர்ப்பு நல்ல வசதியாகப் போயிற்று. நாற்காலி, மேசை, தையல் மெஷின் என்று எல்லாவற்றையும் இப்படியே கொடுத்தார்கள். 30 தவணை கட்டிய குடும்பம் 31-ஆவது தவணைக்குத் தடுமாறினால், வீடு புகுந்து பொருளைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொருவருக்கு விற்றார்கள். கட்டிய பணம் அத்தனையும் வாடகைதானே, எதைத் திருப்பிக் கேட்பது? இதைப் பார்த்துக் கொதித்தவர் எலன் வில்கின்சன் என்ற தொழிற்கட்சி எம்.பி. அவர் கொண்டுவந்த மசோதா 1938-ல் பிரிட்டனில் சட்டமானது. மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால், அதன்பிறகு கோர்ட் உத்தரவு இல்லாமல் பொருளில் கைவைக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு இன்றும் அங்கே இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வந்தது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். 1972-ல் பாராளுமன்றம் ஹையர் பர்ச்சேஸ் சட்டத்தை நிறைவேற்றியது. பொருளின் மதிப்பைப் பொறுத்து பாதியோ முக்கால் பங்கோ கட்டியிருந்தால், கோர்ட் மூலமாகத்தான் பொருளைத் திரும்ப எடுக்கலாம் என்று அதில் இருந்தது. 1973-ல் அமலுக்கு வரும் என்று தேதி குறித்தார்கள். பிறகு தள்ளிவைத்தார்கள். பிறகு அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் புத்தகத்தில் மட்டுமே இருந்த அந்தச் சட்டம் 2005-ல் ரத்து செய்யப்பட்டது. ஒரு நாள்கூட நடைமுறையில் இல்லை. சொந்தத் தொழில் செய்ய லாரியும் ஆட்டோவும் தவணையில் எடுத்த லட்சக்கணக்கான குடும்பங்கள் இந்த நாட்டில் உண்டு. அவர்களுக்காக எழுதப்பட்ட பாதுகாப்பு அவர்களிடம் போய்ச் சேராமலே போனது பெரிய அநியாயம். அது திரும்ப வர வேண்டும் என்பதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விடுவதில்லை.

சட்டம் இல்லாததால் என்ன ஆனது? ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே சட்டமானது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேக்மா பின்கார்ப் என்ற நிதி நிறுவனத்தின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஹையர் பர்ச்சேஸில் ஜீப் எடுத்தவர் ஏழு தவணை மட்டும் கட்டியிருந்தார். கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டது. தவணை முடியும்வரை உரிமையாளர் நிதி நிறுவனமே, தவணை தவறினால் அது வண்டியை எடுப்பது குற்றமல்ல என்றது நீதிமன்றம். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய நோட்டீஸைக் கொடுக்காமல் எடுத்தால் அது சேவைக் குறைபாடு, அதற்கு இழப்பீடு உண்டு. அதனால்தான் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நோட்டீஸ் எத்தனை நாள் என்பது அதில்தான் இருக்கும்.

எடுக்கலாம் என்றால் எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. நடுரோட்டில் மறித்துச் சாவியைப் பிடுங்குவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது இறக்கிவிடுவது, வீட்டு வாசலில் நின்று கத்துவது எதற்கும் சட்டத்தில் இடமில்லை. 2007-ல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடியாட்களை வைத்து வண்டி பறிப்பதைக் கடுமையாகக் கண்டித்தது. சட்டப்படியான வழியில்தான் வசூலும் பறிமுதலும் நடக்க வேண்டும் என்றது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இன்னொரு விதி இன்னும் முக்கியமானது. வண்டியை எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எடுக்கும் முறை என்ன, ஏலம் விடும் முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு எப்படி, கட்டினால் வண்டியை எப்படித் திருப்பித் தருவார்கள், விற்பனை எப்படி நடக்கும் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நிதி நிறுவனங்களுக்கான நியாயமான நடைமுறை விதிகளில் இது எழுத்தில் இருக்கிறது.

சரி, சீஸ் பண்ண ஆட்கள் வந்தே விட்டார்கள். அப்போது என்ன செய்வது? கைகலப்பு வேண்டாம். அடையாள அட்டையையும் கம்பெனியின் அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். இல்லையென்றாலோ மிரட்டினாலோ 112-க்குப் போன் போடுங்கள். பக்கத்தில் யாராவது செல்போனில் வீடியோ எடுக்கட்டும். வண்டிக்குள் இருக்கும் பொருளுக்குப் பட்டியல் எழுதி வாங்குங்கள். வெற்றுத்தாளிலோ, நானே மனமுவந்து ஒப்படைத்தேன் என்று அச்சடித்த தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். இந்த ஒரு கையெழுத்தால் தோற்ற வழக்குகள் ஏராளம். அன்றைக்கே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: பாக்கி எவ்வளவு, கட்டத் தயாராக இருக்கிறேன், ஏலத்துக்கு முன் எனக்குத் தகவல் தர வேண்டும், ஏலம் போனால் கணக்கு வேண்டும். இந்தக் கடிதம் பிறகு கோர்ட்டில் உங்களுக்காகப் பேசும்.

இப்போது பணக் கணக்கு. 60,000 ரூபாய்க்கு 12 சதவீத வட்டி, இரண்டு வருடம் என்று ஏஜென்ட் சொல்வார். வருடத்துக்கு 7,200, இரண்டு வருடத்துக்கு 14,400. மொத்தம் 74,400, மாதம் 3,100 ரூபாய். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். கடைசி மாதத்தில் உங்களிடம் இருப்பது மூவாயிரம் ரூபாய்க் கடன், வட்டியோ அறுபதாயிரத்துக்கே போடப்படுகிறது. குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் இந்த 12 சதவீதம் 21-ஐத் தாண்டும். டாக்குமென்ட் சார்ஜ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் இன்னும் ஏறும். இதைத் தடுக்கத்தான் ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரிலிருந்து முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கட்டாயமாக்கியது. வங்கியோ பைனான்ஸ் கம்பெனியோ தனிநபர்களுக்குப் புதிதாகக் கடன் கொடுக்கும்போது, எல்லாச் செலவையும் சேர்த்து உண்மையான வருட வட்டி எவ்வளவு என்று, உங்களுக்குப் புரியும் மொழியில், அதில் எழுதித் தர வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமில்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. தமிழில் கேளுங்கள். கேட்டால்தான் தருவார்கள்.

வெளிநாடுகளில் வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளும் கடைகளே தனியாக உண்டு. சோபா, டிவி, வாஷிங் மெஷின் என எல்லாம் வார வாடகைக்குக் கிடைக்கும். வங்கியில் கடன் கிடைக்காத ஏழைகள்தான் வாடிக்கையாளர்கள். பொருளின் விலையைப் போல இரண்டு மடங்கு கட்டி முடித்தவர்கள் அங்கே சாதாரணம். அமெரிக்காவில் இந்தக் கடைகள், நாங்கள் கடன் தரவில்லை, வாடகைக்கு விடுகிறோம், எனவே வட்டி வரம்பு எங்களுக்குப் பொருந்தாது என்று வாதாடின. 2006-ல் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ரென்ட்-ஏ-சென்டர் மீது ஒரு பெண் போட்ட வழக்கில், இது தவணை விற்பனைதான், மாநிலத்தின் 30 சதவீத வட்டி வரம்பு இதற்கும் உண்டு என்றது. பிரிட்டனில் பிரைட்ஹவுஸ் என்ற இந்த வகைக் கடைகளின் பெரிய நிறுவனம், 2017-ல் ஏறக்குறைய இரண்டரை லட்சம் வாடிக்கையாளர்களுக்கு 1.48 கோடி பவுண்டு திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2019 ஏப்ரலில் அங்கே இந்தக் கடைகளுக்கு வரம்பு வந்தது: வட்டியும் கட்டணமுமாக வாங்கும் தொகை பொருளின் விலையைத் தாண்டக் கூடாது. இங்கேயும் இப்போது கட்டில், மெத்தை, பிரிட்ஜ் என்று மாத வாடகைக்குத் தரும் கம்பெனிகள் நகரங்களில் வந்துவிட்டன. அப்படி எடுப்பவர்கள், திருப்பிக் கொடுக்கும் நாளில் தேய்மானம், கீறல் என்று டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். பொருள் வந்த அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

பிரிட்ஜ் கெட்டுப்போச்சு, கடைக்காரர் கண்டுகொள்ளவில்லை, அதனால் டியூவை நிறுத்திவிட்டேன் என்று வருகிறவர்கள் உண்டு. கோபம் புரிகிறது. ஆனால் விற்றவர் ஒருவர், பணம் கொடுத்தவர் இன்னொருவர். டியூவை நிறுத்தினால் அபராதமும் சிபில் மதிப்பெண் இழப்பும் உங்கள் தலையில்தான் விழும். கட்டிக்கொண்டே, கடை, தயாரிப்பாளர், பைனான்ஸ் மூவரையும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுங்கள். தவணையை நிறுத்திவைக்க இடைக்கால உத்தரவு வேண்டுமென்றால் அதையும் அங்கேயே கேட்கலாம்.

தவணையில் வாங்கியவர் நுகர்வோரா என்று சந்தேகமே வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்திலேயே பாதி கொடுத்து மீதியைப் பிறகு தருகிறவரும், தள்ளிப்போட்டுப் பணம் கட்டும் எந்த முறையில் வாங்குகிறவரும் நுகர்வோர் என்று இருக்கிறது. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோவும் இதில் அடங்கும். வணிக நோக்கம் என்று கம்பெனி வக்கீல் சொன்னால், சுயதொழிலுக்கான விதிவிலக்கை எடுத்துக் காட்டுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஒப்பந்தமே அநியாயம், அதாவது அளவுக்கு மீறிய அபராதம், முன்கூட்டியே கடனை அடைக்க விடாதது போன்றவை உங்கள் புகார் என்றால் மட்டும் மாவட்ட ஆணையத்தில் நடக்காது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இதைத் தெரியாமல் மாவட்டத்தில் மனுப் போட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் விதி இருக்கிறது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று பயமுறுத்துவார்கள். அது சரியில்லை, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்துவிட்டது. ஆனால் எங்கோ தூரத்து ஊரிலிருந்து மத்தியஸ்தர் நோட்டீஸ் வந்தால் பிரிக்காமல் பரணில் போட்டுவிடாதீர்கள். பதில் போடாவிட்டால் உங்களைக் கேட்காமலே உத்தரவு வந்துவிடும். எதற்கும் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பு அதிகாரியிடமும் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம், கம்பெனிக்கு எழுதி 30 நாள் பார்த்த பிறகு.

அப்புறம், கடைசி டியூ கட்டிய அன்று வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். முடியவில்லை. ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் அப்படியே இருக்கும். பாக்கி இல்லை என்ற சான்றான என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கம்பெனியிடம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துத்தான் அதை நீக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வண்டி என்றால், கடன் அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் தந்து ஈட்டை நீக்க வேண்டும், தாமதத்துக்குக் கம்பெனியே காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. நீங்கள் கொடுத்து வைத்த வெற்றுக் காசோலைகளையும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். புது ஆர்.சி. கைக்கு வந்ததும் பைனான்ஸ் பெயர் போய்விட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பழைய ரசீதுகளை அதோடு சேர்த்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.