கை எட்டும் தூரத்தில் ஒரு முகம்

(பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் தமிழ் மன்றக் கூட்டத்தில் பேசியது. வீட்டுக்கு வந்து எழுதியபோது ஒன்றிரண்டு இடங்களில் சேர்த்திருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் தலைப்பைத் 'தாமியும் தன்மோகமும்' என்று போட்டிருக்கிறார்கள். தாமி நல்ல சொல்தான். ஆனால் வாசலில் என்னை நிறுத்திய பையன், "சார், ஒரு செல்ஃபி" என்றுதான் கேட்டான். அதனால் நானும் செல்ஃபி என்றே சொல்லிவிடுகிறேன். தமிழ்த்துறையார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக நார்சிஸஸ் கதையை எடுப்பார்கள். சுனைநீரில் தன் முகத்தைப் பார்த்து மயங்கி, அங்கேயே கிடந்து உயிரை விட்ட கிரேக்கத்துப் பையன். அவன் தன் முகத்தில் ஒரு குறையும் காணவில்லை. அதை யாருக்கும் காட்டவும் நினைக்கவில்லை.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். போன மாதம் ஜங்ஷனில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு மாணவி. வண்ணாரப்பேட்டை வருவதற்குள் பதினாலு படம் எடுத்தாள். முருகன்குறிச்சி வருவதற்குள் பதிமூன்றை அழித்தாள். எண்ணியது தப்புதான், நாற்பது வருஷம் வருகைப்பதிவு எடுத்த புத்தி. மிச்சமிருந்த ஒன்றை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "ஏட்டி, எம் மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு?" என்றாள். அவள் என்ன பதில் சொன்னாளோ, அந்தப் படமும் போய்விட்டது.

தன் மேல் மோகம் கொண்டவள் செய்கிற காரியமா இது?

எனக்கு அவளைப் பார்த்தபோது கிரேக்கத்துப் பையன் ஞாபகம் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதைதான் வந்தாள். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக்கொண்டு கிணற்றில் அழகு பார்த்தாளே, அவள். அந்தக் கண்ணாடிக் கிணற்றை இன்றைக்கும் அங்கே காட்டுவார்கள். அவருக்கு நான் பொருத்தமா என்று, அவர் கண்ணால் தன்னைப் பார்த்தாள். பஸ்ஸில் இருந்த பெண்ணும் இன்னொருவர் கண்ணால்தான் தன்னைப் பார்த்தாள். ஆனால் கோதைக்கு ஒரே ஒருவருடைய கண். இவளுக்கு முந்நூறு பேருடைய கண், அதில் பாதிப் பேரை இவள் நேரில் கண்டதே இல்லை.

அந்த மூக்கைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. என் அப்பா டவுனில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்னறையில் ஆள் உயரக் கண்ணாடி. அதன் பக்கத்தில் சீப்பும் பவுடர் டப்பாவும். சீப்பில் பாதிப் பல் இருக்காது. எங்கள் தெரு அரிசிக்கடை அண்ணாச்சி பெற்ற பிள்ளையிடமே சிரிக்காத மனுஷன். அவரே அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கால் மணி நேரம் நிற்பார். மீசையை முறுக்குவார், இறக்குவார், மறுபடி முறுக்குவார். அழகு பார்ப்பது செல்போன் வந்த பிறகு வந்த வியாதி என்று யாராவது சொன்னால், நான் அண்ணாச்சியை நினைத்துக்கொள்வேன்.

ஸ்டூலுக்கும் கேமராவுக்கும் நடுவே ஏழடி இருக்கும். தரையில் பெயின்டால் கோடு போட்டிருப்பார் அப்பா. நான் கேமராவைக் கிட்டே கொண்டுபோனால், "கிட்டப் போனா மூக்குதாம்ல மொதல்ல வரும்" என்று தலையில் தட்டுவார். 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதையே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஐந்தடியில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், ஓரடியில் எடுத்த படத்தில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. மூக்கைச் சரிசெய்யச் சொல்லி, கையில் செல்ஃபியோடு அவர்களிடம் ஆட்கள் வந்து நின்றதால் போட்ட கணக்கு அது. தாயி, உன் மூக்கில் ஒன்றும் இல்லை. உன் கை கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான்.

இன்னொன்று. படம் வாங்க வருகிறவர்கள், "இது என்னை மாதிரியே இல்லையே" என்பார்கள். கூட வந்த சம்சாரம், "அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்பார். அப்பா இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே உறையில் போட்டுக் கொடுப்பார். 1977-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரின் படத்தை நேராக ஒரு பிரதி, இடவலம் மாற்றி ஒரு பிரதி போட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாற்றிப் போட்டதைத்தான் விரும்பினார்கள். அதுதானே தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். நண்பர்களுக்கு நேர்ப்படம்தான் பிடித்தது. ஆக, உங்களுக்குத் தெரிந்த உங்கள் முகம் வேறு யாருக்கும் தெரியாது. அவர்கள் பிரியம் வைத்திருப்பது இன்னொரு முகத்தின் மேல்.

சரி, தன்மோகம் என்பதே இல்லையா? இருக்கிறது. அதை அளக்க 1979 முதல் ஒரு வினாத்தாளும் இருக்கிறது. கல்லூரி மாணவர்களிடம் அந்த மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது என்று 2008-ல் சிலர் எழுதினார்கள். இல்லை, இறங்கியிருக்கிறது என்று 2017-ல் வேறு சிலர் எழுதினார்கள். அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

செல்ஃபி எடுப்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒரு நோயாக அறிவித்துவிட்டது, பெயர் செல்ஃபைட்டிஸ் என்று 2014-ல் ஒரு செய்தி பரவியது. அது வெறும் கட்டுக்கதை, ஒரு கேலித் தளம் கிளப்பிவிட்டது. ஆனால் மதுரை தியாகராசர் மேலாண்மைக் கல்லூரியின் ஜனார்த்தனன் பாலகிருஷ்ணனும் இங்கிலாந்து நாட்டிங்காமின் மார்க் கிரிஃபித்ஸும், அப்படி ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று இந்திய மாணவர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். ஆறு காரணங்கள் கிடைத்தன. இடத்தின் நினைவைப் பிடித்துவைப்பது, போட்டி, பிறர் கவனம், மனசைத் தேற்றிக்கொள்வது, தன்னம்பிக்கை, கூட்டத்தோடு ஒட்டிக்கொள்வது. இந்த ஆறில் 'நான்தான் அழகு' என்று நினைத்து எடுக்கிற காரணம் எங்கே இருக்கிறது? எனக்கு இதில் கேட்பதெல்லாம், 'என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?' என்கிற குரல்தான்.

ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே இருப்பீர்கள். உங்கள் ஊரில் அய்யா வைகுண்டரைக் கும்பிடுகிறவர்களின் வழிபாட்டு இடமான அய்யாவழி நிழல்தாங்கல் உண்டு. பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு அதற்கு முன்னால் நிற்பார்கள். இதே சனங்கள் திருவிதாங்கூர் ஆட்சியில் தலைப்பாகை கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்று ஒடுக்கப்பட்டவர்கள். அவர்களைத்தான் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டச் சொன்னார். கட்டிய தலையைக் கண்ணாடியில் பார்க்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பெண், அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இந்த வாசலில் ஒரு படம் எடுத்தால், அதைத் தன்மோகம் என்று என்னால் சொல்ல முடியாது.

தாமிரபரணி ஆற்றில் நின்று செல்ஃபி எடுப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். செல்ஃபிக்கு நிற்கிறவன் எதைப் படத்தில் காட்ட விரும்புகிறானோ அதற்கு முதுகைக் காட்டி நிற்கிறான். பாபநாசத்தில் பாசி படிந்த பாறையில் அப்படி நிற்கலாமா? அங்கே கசம், அதாவது ஆள் முங்குகிற ஆழம், எங்கே இருக்கிறது என்று ஊர்க்காரனுக்கே சந்தேகம் வரும். 2011 முதல் 2017 வரை செய்திகளில் வந்த செல்ஃபி மரணங்களைத் திரட்டியவர்கள் உலகம் முழுக்க 259 பேர் என்று எண்ணினார்கள். அதிகம் பேர் இந்தியாவில். முதல் காரணம் தண்ணீர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயிலே முங்கிக் கிடக்க, பாலத்தில் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றவர்களை நான் பார்த்தேன். அதில் என் வயசுக்காரர்களும் உண்டு.

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "உங்க அப்பா தன்னையே எடுத்துக்கிட்டது உண்டா சார்?" என்று கேட்டாள். உண்டு. யாஷிகா கேமராவில் ரோலுக்குப் பன்னிரண்டு படம். பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் அவசரப்படுத்தினால் ரோல் முடிகிறவரை காத்திருக்க முடியாது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டை அந்த ஆள் உயரக் கண்ணாடியைப் பார்த்துத் தட்டி முடித்துவிடுவார். அவர் போன பிறகு பீரோவில் அந்த நெகட்டிவ்களைக் கண்டெடுத்தோம். கேமரா நெஞ்சோடு இருக்கும், குனிந்து அதற்குள் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றிலும் வகிடுதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. ஒன்றில் மட்டும் அவருக்குப் பின்னால் அம்மா, கையில் காப்பி டம்ளரோடு, படம் எடுப்பது தெரியாமல் நிற்கிறாள். போட்டோக்காரர் பெண்டாட்டிக்கு வேறு படம் கிடையாது.